மேலே போகும் முன் கணக்கைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு நண்பர், நம் பக்கத்துச் சின்னக் கால்பந்து கிளப்புகளைப் பயந்தாங்கொள்ளிகள் என்று எழுதியிருந்தார். மேல் டிவிஷனுக்குப் போக வாய்ப்பு வந்தாலும் காசில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்களாம். ஐரோப்பாவில் கிராமத்து அணிகூட முதல் டிவிஷன் வரை போய்விடுகிறதாம். அவர் எந்தக் கிராமத்தை நினைத்து எழுதினாரோ தெரியாது. அப்படிப் போன ஒரு கிராமம் எனக்குத் தெரியும். அது என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் எனக்கு இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

என்னைப் பற்றி இரண்டு வரி. வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோவையில் ஒரு லீக் கிளப்புக்குப் பொருளாளர். பொருளாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ரசீது புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குகிறவன். பந்தைக் காலால் தொட்டே முப்பது வருஷம் இருக்கும். ஆனால் ஒரு கணக்கைக் கையில் கொடுத்தால் அது எங்கே இடிக்கும் என்று சொல்லிவிடுவேன்.

அந்தக் கிராமம் கிரெட்னா. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சேரும் எல்லையில், ஏறக்குறைய மூவாயிரம் பேர் வசிக்கும் ஊர். ஒட்டியிருக்கும் கிரெட்னா கிரீன், வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்து கல்யாணம் செய்துகொள்ளும் காதலர்களால் பெயர் வாங்கியது. 1946-ல் தொடங்கிய இந்த ஊர் கிளப் பல காலம் இங்கிலாந்தின் கீழ்மட்ட லீக்குகளில்தான் ஆடியது. 2002-ல் ஏர்ட்ரியோனியன்ஸ் என்ற பழைய கிளப் திவாலானது. காலியான அந்த இடத்தில்தான் கிரெட்னா ஸ்காட்டிஷ் லீகுக்குள் நுழைந்தது. எந்தக் காரணத்தால் அந்த இடம் காலியானது என்று யாராவது அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அப்புறம் ப்ரூக்ஸ் மைல்சன் என்ற தொழிலதிபர் வந்தார். பணத்தைக் கொட்டினார். 2004-05-ல் மூன்றாம் டிவிஷன் சாம்பியன், அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷன் சாம்பியன், 2006-07-ல் முதல் டிவிஷன் சாம்பியன். அடுத்தடுத்து மூன்று பிரமோஷன். நடுவில் 2006-ல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய், ஹார்ட்ஸ் அணியோடு 1-1 என்று நின்று, பெனால்டியில்தான் தோற்றார்கள். அதனால் ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகள் மோதும் யூஇஎஃப்ஏ கோப்பையிலும் ஆடினார்கள். படிக்கும்போதே புல்லரிக்கிறது, இல்லையா? எனக்கும்தான்.

இனி ஸ்காட்லாந்தின் உச்ச லீகான ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக். அங்கே ஆட வேண்டுமானால் மைதானத்தில் 6,000 இருக்கைகள் வேண்டும் என்பது விதி. கிரெட்னாவின் ரேடேல் பார்க்கில் அதில் பாதி ஆட்கள் நிற்கவே சிரமம். சரி, மைதானம் கட்டும் வரை வேறு இடத்தில் ஆடுங்கள் என்றார்கள். கிடைத்தது மதர்வெல்லில் இருக்கும் ஃபிர் பார்க், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. மொத்த ஊரே மூவாயிரம் பேர். அவர்கள் "சொந்த மைதானத்து" ஆட்டத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவ்வளவு தூரம் போய் வர வேண்டும். 2008 ஏப்ரலில் இன்வர்னஸ் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் 431 பேர். அந்த லீக் வரலாற்றிலேயே அதுதான் மிகக் குறைந்த கூட்டம். பிரமோஷன் வந்தால் டிக்கெட் வசூல் கூடும் என்று எல்லாரும் வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். இங்கே பிரமோஷனே டிக்கெட் வசூலைத் தின்றுவிட்டது.

அந்த வருஷம் பிப்ரவரியில் மைல்சனுக்கு உடல்நிலை மோசமானது. பண வரத்து நின்றது. மார்ச்சில் கிளப் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது, தண்டனையாகப் பத்துப் புள்ளிகள் வெட்டு. மிச்ச ஆட்டங்களை முடிக்கவே லீக் அமைப்பு பணம் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. மே மாதம் ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூனில் லீகிலிருந்து ராஜினாமா, ஆகஸ்டில் கலைப்பு. நவம்பரில் மைல்சனும் இறந்துபோனார். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. தன் காசைத்தான் போட்டார், ஊரார் காசை எடுக்கவில்லை. ஆனால் ஒரே ஆளின் பணத்தை நம்பி, அவருக்குப் பின் யார் என்று கேட்காமல், ஒவ்வொரு வருஷமும் செலவை ஏற்றிக்கொண்டே போன கணக்கு அது. என் மேஜைக்கு இப்படி ஒரு கடன் விண்ணப்பம் வந்திருந்தால் முதல் பக்கத்தோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

ரசிகர்கள் அதே 2008-ல் புதிதாக ஒரு கிளப் தொடங்கிக் கீழ்மட்ட லீக்கில் ஆட ஆரம்பித்தார்கள்.

நண்பர் கேட்கலாம், "அது எங்கோ ஒரு பணக்காரர் விளையாட்டு, உங்களுக்கு என்ன?" என்று. எங்கள் கிளப்பில் தொகை சிறியது, மற்றபடி அதே கதைதான். நாங்களும் ஒரு சீசனில் மேல் டிவிஷனுக்குத் தகுதி பெற்றோம். அன்று இரவு பட்டாசு, பரோட்டா, மைக்கில் அறிவிப்புகள். ஒரு கடைக்காரர் மைக்கில் ஒரு தொகை சொன்னார். கையில் வந்தது அதில் கால்வாசி, அதுவும் ஜெர்சியாக. மறுநாள் காலையில் நான் நோட்டைத் திறந்தேன். ஆட்டங்கள் கூடும், ஆகவே பயணமும் பிசியோவும் ஆம்புலன்ஸ் வாடகையும் கூடும். கோச்சுக்கு உரிய லைசன்ஸ் இருக்க வேண்டும், எங்கள் கோச்சிடம் அது இல்லை, ஆகவே புதுக் கோச்சுக்குப் புதுச் சம்பளம். இதெல்லாம்கூட எழுதி வைத்துச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது பையன்களின் மேட்ச் பணம். எங்களில் நல்லா ஆடுகிற நாலைந்து பேர் சீசன் வந்தால் பாலக்காடு, மலப்புரம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடப் போகிறவர்கள். அங்கே ஒரு ராத்திரி ஆட்டத்துக்குக் கிடைப்பது எங்களிடம் ஒரு மாதம் ஆடினாலும் கிடைக்காது. கீழ் டிவிஷனில் சிநேகத்துக்காக ஆடுவார்கள். மேல் டிவிஷன் என்றதும், "அண்ணா, இனி ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. எதிரணி காசு கொடுத்து வெளியிலிருந்து கெஸ்ட் பிளேயர் இறக்குகிறது, நாம் இறக்காவிட்டால் ஆறு கோல் வாங்க வேண்டும்.

சந்துக்குள் நடக்கும் பலகாரக் கடையை மெயின் ரோட்டுக்கு மாற்றுகிறவனுக்கு இது புரியும். வாடகை முதல் நாளே ஏறிவிடும், புது வாடிக்கையாளர் மெதுவாகத்தான் வருவார். கடைக்காரனாவது பிடிக்காவிட்டால் பழைய சந்துக்கே திரும்பலாம். கால்பந்தில் கீழே திரும்பும்போது மேலே போட்ட ஒப்பந்தங்களும் கூடவே வருகின்றன.

இதற்கு நல்ல உதாரணம் பிராட்ஃபோர்டு சிட்டி. 1999-ல் இங்கிலாந்து பிரீமியர் லீகுக்குப் போனார்கள். முதல் சீசனில் கடைசி நாளில் தப்பித்தார்கள். அதோடு அடக்கமாக இருந்திருக்கலாம். அந்தக் கோடையில் தலைவர் ஜெஃப்ரி ரிச்மண்ட் பெரிய பெயர்களாக வாங்கிக் குவித்தார். இத்தாலிக்காரர் பெனிட்டோ கார்போனேவுக்கு மட்டும் வாரத்துக்கு ஏறத்தாழ 40,000 பவுண்டு. 2001-ல் கீழே இறங்கினார்கள். வருமானம் இறங்கியது, சம்பளம் இறங்கவில்லை. 2002-ல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 2004-ல் மறுபடியும். அந்தக் கோடையைத் தன் ஆறு வாரப் பைத்தியக்காரத்தனம் என்று ரிச்மண்டே பின்னால் ஒப்புக்கொண்டார். என் பார்வையில் அதில் பைத்தியக்காரத்தனத்தைவிட ஒரு சாதாரணக் கணக்குப் பிழைதான் அதிகம். மேலேயே இருப்போம் என்று வைத்துக்கொண்டு மூன்று நான்கு வருஷ ஒப்பந்தம் போட்டது. 'கீழே இறங்கினால் சம்பளம் இவ்வளவு குறையும்' என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இன்று இங்கிலாந்து பிரீமியர் லீகிலிருந்து இறங்கும் அணிக்குப் பாராசூட் பணம் உண்டு. முதல் வருஷம் லீக் பொதுவாகப் பகிரும் தொலைக்காட்சிப் பங்கில் 55 சதவீதம், அடுத்து 45, பிறகு 20. மேலே ஒரே ஒரு சீசன் இருந்தவர்களுக்கு மூன்றாவது தவணை கிடையாது. இவ்வளவு இருந்தும் லூட்டன் டவுன் என்ன ஆனது என்று பாருங்கள். செலவில் கைபிடித்தம் உள்ள கிளப் என்று பெயர் எடுத்தவர்கள். 2023-ல் மேலே போனபோது கெனில்வொர்த் ரோடு மைதானத்தின் ஒரு பக்கத்தையே ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு செலவில் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. வேலை முடியாமல் முதல் சொந்த மைதானத்து ஆட்டமே தள்ளிப்போனது. 2024-ல் இறங்கினார்கள், 2025-ல் இன்னும் ஒரு படி இறங்கினார்கள். ஜாக்கிரதையாக இருந்தவர்கள் என்பதால் கிளப் பிழைத்திருக்கிறது. ஜாக்கிரதை இல்லாதவர்களுக்கு இங்கிலாந்தின் 'பெரி' கிளப் என்ன ஆனது என்று சொன்னால் போதும். 1885-ல் தொடங்கி இரண்டு முறை எஃப்ஏ கோப்பை வாங்கிய கிளப். 2019 ஏப்ரல் கடைசியில் பிரமோஷன் உறுதியானது. அந்த நேரம் வீரர்களுக்குச் சம்பளமே ஒழுங்காக வரவில்லை. ஆகஸ்ட் 27-ல் லீகிலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். மேல் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஷில்லாங்கின் ராயல் வாஹிங்டோ 2014-ல் இரண்டாம் டிவிஷனை வென்று, அப்போது நாட்டின் முதல்நிலை லீகாக இருந்த ஐ-லீகுக்கு வந்தது. முதல் சீசனிலேயே மூன்றாம் இடம். மோகன் பகானுக்கும் பெங்களூருவுக்கும் அடுத்தபடியாக! அடுத்த சீசனுக்கு முன் விலகிவிட்டார்கள். மூன்றாம் இடம் பிடித்த அணி எதற்காக விலக வேண்டும் என்று நம் விளையாட்டுப் பக்கங்கள் பெரிதாகக் கேட்டதாக நினைவில்லை. மிசோரத்தின் ஐஸ்வால் அணியின் கதையை மறைத்தால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். 2015-ல் மேலே வந்து, 2016-ல் இறக்கப்பட்டு, பிறகு லீகில் மறுபடி சேர்க்கப்பட்டு, 2017-ல் காலித் ஜமீல் பயிற்சியில் சாம்பியனே ஆனது. கையில் காசில்லாத ஊர் அணிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் சாம்பியனானதும் கோச் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார், வீரர்களும் கலைந்தார்கள். சின்ன கிளப் ஜெயித்தால் அந்த வெற்றியின் பலனைப் பெரிய கிளப்தான் எடுத்துக்கொண்டு போகிறது. வீரனோடு நீண்ட ஒப்பந்தம் இருந்தால் டிரான்ஸ்ஃபர் பணமாவது கைக்கு வரும். நீண்ட ஒப்பந்தம் போட வருமானம் வேண்டும். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

கோவைக்காரன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி ஒரு கோல் பின்தங்கியிருந்து மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகமாக, 43 புள்ளிகளோடு ஐ-லீக் சாம்பியன். அந்த அணிக்கு இன்று நாட்டின் முதல் லீகான ஐஎஸ்எல்-ல் (இந்தியன் சூப்பர் லீக்) இடம் கொடு என்று எங்கள் கேலரியில் கத்தியவர்களில் நானும் ஒருவன். அப்போது ஐ-லீக் சாம்பியனுக்கு அந்த வழியே கிடையாது. அதே வருஷம் ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021-22 ஐ-லீக் பட்டியலை எடுத்துப் பாருங்கள், சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியனாவதும் நிலைத்து நிற்பதும் வேறு வேறு வேலைகள்.

இப்போது வழி திறந்திருக்கிறது. 2023-ல் பஞ்சாப் எஃப்சி, 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் என்று ஐ-லீக் சாம்பியன்கள் ஐஎஸ்எல்-க்குப் போனார்கள். முகமதன் சின்ன கிளப்பே அல்ல, 1891-ல் தொடங்கியது, கொல்கத்தாவில் பின்னால் ஒரு பெருங்கூட்டமே உண்டு. அப்படிப்பட்ட கிளப்பிலேயே முதல் சீசனில் சம்பளப் பாக்கி என்று வீரர்கள் பயிற்சிக்கு வராமல் இருந்த செய்தி உங்கள் பத்திரிகை உட்பட எல்லாவற்றிலும் வந்தது. சீசன் முடிவில் கடைசி இடம். அதற்கு அடுத்த வருஷம் இன்னும் வேடிக்கை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐஎஸ்எல்-ஐ நடத்திய வணிகக் கூட்டாளிக்கும் இருந்த பதினைந்து வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவுக்கு வர, லீக் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் நின்றது. மேலே ஏறிவந்தவன் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே ஆட்டமில்லாமல் காத்திருக்க வேண்டும். இதை எந்த வரவுசெலவில் எழுதுவது?

அதனால் எல்லாரும் கீழேயே கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினின் எய்பார் அணி செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. பாஸ்க் பகுதியில் 27,000 பேர் உள்ள தொழிற்சாலை ஊர். 2014-ல் இரண்டாம் டிவிஷனை வென்று முதல் முறையாக அந்த நாட்டின் முதல் டிவிஷனான லா லிகாவுக்குத் தகுதி. கடன் ஒரு காசு இல்லை. ஆனால் அங்கே ஒரு சட்டம்: இரண்டாம் டிவிஷன் கிளப்புகளின் சராசரிச் செலவில் கால்பங்கு உன்னிடம் பங்கு மூலதனமாக இருக்க வேண்டும். எய்பாருக்குக் குறைந்தது ஏறத்தாழ 17 லட்சம் யூரோ. ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் கட்டாவிட்டால் மேலே போவது இல்லை, மூன்றாம் டிவிஷனுக்கே தள்ளிவிடுவார்கள். கடனே இல்லாதவனிடம் மூலதனம் எங்கே என்று கேட்கும் இந்த விதி எனக்கு மடத்தனமாகப் படுகிறது, அது வேறு விஷயம். அவர்கள் ஒரு பணக்காரரைத் தேடிப் போகவில்லை. ஐம்பது யூரோ பங்குகளாக விற்றார்கள், ஒருவர் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்தார்கள். முன்பு அங்கே ஆடிய சாபி அலோன்சோ, டேவிட் சில்வா போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வாங்க, பணம் சேர்ந்தது.

முதல் சீசனில் எய்பார் 18-ம் இடம். இறங்கியிருக்க வேண்டியவர்கள். ஆனால் 13-ம் இடத்தில் இருந்த எல்சே, வரிப் பாக்கிகளுக்காக லீக்கால் கீழே இறக்கப்பட்டது. கடனில்லாத எய்பார் அந்த இடத்தில் தப்பித்து, 2021 வரை ஏழு சீசன் மேலே ஆடியது. கிரெட்னா ஒருவரை நம்பியது, எய்பார் பல ஆயிரம் பேரை நம்பியது. அந்தப் பல ஆயிரத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கிளப் நின்றுபோகாது.

எங்கள் மாவட்ட லீகிலிருந்து அகில இந்தியக் கூட்டமைப்பு வரை நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிரமோஷன் கொடுக்கும் முன், வரும் சீசன் சம்பளத்தில் ஒரு பாதியையாவது தனிக் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். அது வீரர்களுக்கு மட்டும், வேறு எதற்கும் தொடக் கூடாது. கட்ட முடியாத கிளப் ஒரு வருஷம் தள்ளிவைக்க விரும்பினால் அபராதமோ அவமானமோ இல்லாமல் விடுங்கள். இப்போது பல இடங்களில் மறுத்தால் தண்டனை, ஏற்றால் கடன் என்றுதான் நிலை. மைதானத்துக்கு இருக்கைக் கணக்கு வைப்பவர்கள் அந்த ஊரின் மக்கள்தொகையையும் ஒரு பார்வை பார்க்கலாம். அப்புறம் தூரப் பயணத்துக்கு லீக் பொதுப் பணத்திலிருந்து ஒரு பங்கு. கோழிக்கோட்டிலிருந்து ஐஸ்வாலுக்கும் ஸ்ரீநகருக்கும் டிக்கெட் போடுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எங்கள் கிளப் என்ன செய்தது என்று கேட்பீர்கள். பொதுக்குழுவில் கணக்கைப் படித்தேன். இளைஞர்கள் சத்தம் போட்டார்கள், ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். கடைசியில் போவது என்றுதான் முடிவானது, ஆனால் கெஸ்ட் பிளேயர் கிடையாது, எந்த ஒப்பந்தமும் ஒரு சீசனுக்கு மேல் கிடையாது, மைக்கில் சொன்ன பணத்தைக் கணக்கில் எழுதக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளோடு. அடுத்த சீசனே இறங்கினோம். யாருக்கும் பாக்கி இல்லை. நாற்காலியைத் தள்ளியவர் இப்போது எனக்குத் துணைப் பொருளாளர்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மேலே போகும் கிளப்பின் தலைவரைப் பேட்டி எடுக்கும்போது, எப்படி உணர்கிறீர்கள் என்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். கீழே இறங்கினால் சம்பளம் குறையும் என்று வீரர்களின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்களா? முக்கிய ஸ்பான்சர் நடுவில் நின்றால் எத்தனை மாதம் தாங்குவீர்கள்? போன வருஷத்துத் தணிக்கை அறிக்கையை உறுப்பினர்களுக்குக் காட்டினீர்களா? பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்பதையும் அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லீக் கிளப்பின் பொருளாளர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.